ஊருக்கு ஒரு முதியோர் சபை



பாடசாலை அதிபரின் மேசைக்கு வந்து சேர்வன மாணவரின் காரியங்கள் மட்டுமல்ல. கல்முனைக்குடி போன்ற கரையோர ஊர்களிலே படிவம் நிரப்ப வேண்டியவரும், வந்த கடிதத்தை வாசித்தறிய வேண்டியவரும், நற்சாட்சிப் பத்திரம் வேண்டியவரும் முதலில் நாடி வருவது பாடசாலையையே. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாட்காலை, எழுபத்தைந்து வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் என் அறை வாயிலில் வந்து நின்றார். முக்காட்டின் ஓரத்தாற் கண்ணைத் துடைத்தபடி, கையிலிருந்த பொலித்தீன் பையை என்னிடம் நீட்டினார். அதனுள்ளே அவருடைய அடையாள அட்டையும், கிளினிக் கொப்பியும், கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரமும், மடித்து மடித்து நைந்துபோன ஒரு துண்டும் இருந்தன. "இதுல என்ன எழுதிக் கிடக்கெண்டு பாத்துச் செல்லுங்க, தம்பி" என்றார்.

கண்ணிற் படர்ந்த புரையை நீக்கும் சத்திர சிகிச்சைக்காகக் குறித்துக் கொடுக்கப்பட்ட திகதியே அத்துண்டில் இருந்தது. அத்திகதி கழிந்து இரண்டு வாரமாகிவிட்டது. அதற்கு முன்னரும் ஒரு திகதி அவ்வாறே கழிந்ததாம். மூத்த மகன் கடல் கடந்து உழைக்கச் சென்றிருந்தார், இளையவர் ஆழ்கடற் படகிலே பல நாட் பயணம் போகின்றவர், மகளுக்கோ கைக்குழந்தை. நான் மறுபடியும் ஒரு திகதி வேண்டிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அத்துடன் என் கடமை முடிந்ததென எண்ணினேன். மூன்றாவது திகதியும் கிடைத்தது; அதுவும் கழிந்தது.

அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. வைத்தியசாலை இருந்தது; வைத்தியர் இருந்தார்; சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. இல்லாதிருந்தது, காலையில் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துச் சென்று, மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் ஓர் ஆள் மட்டுமே. அரசாங்கத்தின் உதவிக்கும் முதியவரின் வீட்டு வாயிலுக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு இடைவெளியை நிரப்புவது எவருடைய வேலை? அது ஊரிலுள்ள முதியோர் சபையின் வேலை என்பதே என் எண்ணம். அத்தகைய சபை எதற்காக, எவ்வாறு அமைதல் வேண்டும், அது எதைத் திட்டமிடுதல் வேண்டும் என்பனபற்றி இன்று சில கூற விழைகின்றேன்.

முதலிலே, இக்கேள்வி நம் காலத்தில் ஏன் எழுந்தது என்பதை நோக்குவோம். 1946ஆம் ஆண்டளவில் இலங்கையிற் பிறந்த ஒரு குழந்தை சராசரியாக 43 ஆண்டளவே வாழுமென எதிர்பார்க்கப்பட்டது. இன்று அவ்வெல்லை 75 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. மலேரியாவை அடக்கியமையும், இலவச வைத்தியமும், இலவசக் கல்வியும், வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதரின் உழைப்பும் நமக்கு ஈட்டித் தந்த செல்வம் இந்த நீண்ட ஆயுள். 1981ஆம் ஆண்டில் நம் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேராயிருந்தனர். 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலே அத்தொகை நூற்றுக்கு 12.4 ஆயிற்று, அஃதாவது ஏறத்தாழ 25 இலட்சம் பேர். 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு அது மேலும் உயர்ந்திருப்பதையே காட்டியது.

பிரான்சு தேசத்தில் 65 வயதைக் கடந்தோர் தொகை நூற்றுக்கு 7இலிருந்து 14 ஆவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது. அளவுகோல் சற்று வேறெனினும், நம் நாட்டில் முதியோர் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பதற்கு 31 ஆண்டுகளே போதுமாயிருந்தன. அவர்கள் செல்வம் திரட்டிய பின்னரே முதுமை எய்தினர். நாம் செல்வம் திரட்டுமுன் முதுமை எய்துகின்றோம். ஆதலால், அவர்களைப் போலப் பெரும் மாளிகைகளை எழுப்பி முதியோரை அங்கே குடியேற்றுதல் நமக்கு இயலாது. இயன்றாலும், நம் முதியோர் அதனை விரும்பார். அவர்கள் விரும்புவது தம் வளவிலே, தம் கிணற்றடியிலே, தம் பள்ளிவாசலின் அல்லது கோவிலின் ஓசை கேட்கும் தூரத்திலே வாழ்ந்து முடிப்பதையே.

இனி, நம் பகுதியின் பழைய ஏற்பாட்டைச் சிறிது நினைவுகூர்வோம். கிழக்குக் கரையோரத்திலே, முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும், தாய்வழியாக வரும் குடி முறை நெடுங்காலமாக நிலவி வந்தது. பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பர். மணமகன் பெண் வீட்டுக்கு வந்து சேருவான். மூத்த மகள் தாயின் வீட்டைப் பெற்றுக்கொள்ள, பெற்றோர் அதே வளவில் ஒரு சிறு வீடு கட்டி ஒதுங்குவர். அல்லது அடுத்த மகளுடன் வாழ்வர். எனவே முதுமையிலே ஒரு தாய் தன் மகளின் அடுப்பங்கரைக்கு அருகிலேயே இருந்தாள். மூத்தம்மாவின் மடியிலே பேரப்பிள்ளை உறங்கிற்று. மூத்தம்மாவின் வெற்றிலையை மகள் இடித்துக் கொடுத்தாள். முதியோரைப் பேணுதல் என்று தனியே ஒரு பெயர் அதற்குத் தேவைப்படவில்லை.

ஊர்க் காரியங்களிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒவ்வொரு குடியின் சார்பாகவும் மரைக்கார் ஒருவர் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்ந்தார். விதவைக்கு அரிசி இல்லையென்றாலும், பிள்ளை தந்தையைப் பாராமல் விட்டானென்றாலும், அச்செய்தி குடியின் வழியாக மரைக்காரின் காதுக்கு எட்டிவிடும். அவர் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாலே போதும். மகன் தலைகுனிந்து காரியத்தைச் செய்வான். எழுதப்படாத அச்சபையே எங்கள் பழைய முதியோர் சபை எனலாம். ஒவ்வொரு வீட்டின் செய்தியும் சபைக்கு எட்ட ஒரு வழி இருந்தமை அதன் சிறப்பு. பெண்ணின் குரல் அங்கே நேராக ஒலிக்காமை அதன் குறை.

அவ்வேற்பாடு ஒரே நாளிற் சிதையவில்லை. பல காரணங்களாற் படிப்படியாகத் தளர்ந்தது. 1970களின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் செல்வோர் பெருகினர். குடும்பங்கள் சிறுத்தன, நான்கு மகள்மார் இருந்த வீட்டில் இன்று ஒருத்தியே இருக்கின்றாள். படித்த பெண் உத்தியோகத்துக்குச் செல்கின்றாள், அது மகிழத்தக்கதே, ஆயினும் பகல் முழுவதும் வீட்டிலே தனித்திருப்பவர் முதியவர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்கள் போகவில்லை. கடற்கரையை அண்டிய வளவுகள் அழிந்தன. கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென முதலில் விதிக்கப்பட்டது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டதெனினும், பலர் அதற்குள் வேறிடங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். மாடி வீட்டுத் தொகுதிகள் எழுந்தன. படியேற இயலாத முதியவர் மேல் மாடியில் அமர்ந்து, கீழே தெருவைப் பார்த்தபடி நாளைக் கழிக்கலானார். தாயின் பெயரிலும் மகளின் பெயரிலும் இருந்த வீட்டுக்கு ஈடாகக் கிடைத்த புதிய வீட்டின் பத்திரம், பல இடங்களிலே 'குடும்பத் தலைவர்' என்ற முறையில் ஆணின் பெயரில் எழுதப்பட்டது. மகளின் வீட்டில் உரிமையுடன் வாழ்ந்த தாய், மருமகனின் வீட்டில் விருந்தாளியானாள். இச்சிறு மாற்றம் முதியோரின் மனத்தில் ஏற்படுத்திய அச்சத்தை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

நிற்க. அரசாங்கம் இதில் என்ன செய்துள்ளது என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்று. 1939ஆம் ஆண்டில் வறியோர் கட்டளைச் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டிலே சமூக சேவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. வறியோர்க்கு மாதந்தோறும் வழங்கப்பட்ட பொது உதவிப் பணம் ஊர்வழக்கிலே 'பிச்சைச் சம்பளம்' என்று பெயர் பெற்றது. அச்சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டு தோணி வலித்தவனும், வயலில் நாற்று நட்டவளும், முதுமையிலே அரசாங்கத்திடமிருந்து பெறும் சிறு தொகைக்குப் பிச்சை என்று பெயர்! பெற்றவர் நாணத்தோடு பெற்றனர். நாணம் மிகுந்தவர் பெறாமலே இருந்தனர்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இக்கண்ணோட்டத்தை மாற்றிற்று. அதன் பெயரிலேயே 'உரிமை' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். 60 வயதைக் கடந்தவர் முதியவர் என அது வரையறுக்கின்றது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது; அவர்களைப் பேணி, அவர்தம் தேவைகளைக் கவனித்தல் பிள்ளைகளின் கடமை என்று கூறுகின்றது. பிள்ளையற்றோர்க்கும் கைவிடப்பட்டோர்க்கும் தங்குமிடம் அளித்தல் அரசின் பொறுப்பு என்கின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி விண்ணப்பிப்பதற்குப் பராமரிப்புச் சபை ஒன்றையும் ஏற்படுத்தியது. அச்சட்டத்தின் வழியே தேசிய முதியோர் சபையும் செயலகமும் தோன்றின. அவற்றின் வழிகாட்டலில் கிராமம், பிரதேசம், மாவட்டம், மாகாணம் ஆகிய மட்டங்களிலே முதியோர் சபைகள் அமைக்கப்பட்டு வருகின்றன. பிரதேச செயலகத்தில் இதற்கென உத்தியோகத்தரும் உளர்.

ஆகவே சட்டம் இருக்கின்றது. சபையும் பெயரளவிலேனும் இருக்கின்றது. கேள்வி யாதெனில், அந்தச் சபை கூடி என்ன செய்கின்றது என்பதே.

இங்கே என் தவறு ஒன்றையும் நான் மறைத்தலாகாது. நான் ஆலோசகருள் ஒருவனாக அமர்ந்திருந்த ஒரு சபை, தன் முதலாண்டிலே ஒரேயொரு காரியத்தைச் செய்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990ஆம் ஆண்டிலே, ஒக்தோபர் முதலாம் திகதியைச் சருவதேச முதியோர் தினமாகப் பிரகடனம் செய்ததை நேயர்கள் அறிவர். அத்தினத்தில் விழா எடுத்தோம். பந்தல் போட்டோம்; மாணவர் பாடினர்; பேச்சுகள் நிகழ்ந்தன; வந்த முதியோர்க்குத் துவாயும் தேநீரும் கொடுத்தோம். அனைவரும் மகிழ்ந்தனர். விழா முடிந்து வீடு திரும்பும்போது, என் நண்பர் ஒருவர், "நடந்து வரக்கூடியவர்களுக்குத் துவாய் கொடுத்தோம், நடக்க முடியாதவர்களுக்கு என்ன கொடுத்தோம்?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. எங்கள் பிரிவிலே படுக்கையாய்க் கிடப்போர் எத்தனை பேர் என்பதே எங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எவ்வாறு திட்டமிடுவது?

எனவே, முதியோர் சபையின் முதற் கடமை எண்ணுதல். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலே 200 முதியோர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து உறுப்பினர் ஆளுக்கு இருபது பேராகப் பிரித்துக்கொண்டால், ஒரு மாதத்தில் எல்லா வீடுகளுக்கும் போய்வரலாம். கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. யாருடன் வாழ்கின்றார்? பகலிலே தனித்திருக்கின்றாரா? நடக்க இயலுமா? கண்ணும் காதும் எவ்வாறு உள்ளன? எந்த நோய்க்கு எங்கே மருந்து எடுக்கின்றார்? பிறப்பு அத்தாட்சியும் அடையாள அட்டையும் உளவா? எந்த உதவியைப் பெறுகின்றார், எதற்கு உரித்திருந்தும் பெறவில்லை? இவற்றோடு இன்னுமொரு கேள்வியையும் சேர்ப்பேன்: உமக்கு என்ன தெரியும், எதை நீர் பிறர்க்குக் கற்பிக்கக்கூடும்? முதியோரைத் தேவையுள்ளோராக மட்டும் எண்ணுதல் பாதி உண்மையே. வலை முடையவும், பன் பின்னவும், நாட்டு மருந்து அரைக்கவும், கணக்குப் பார்க்கவும், பிணக்குத் தீர்க்கவும் தெரிந்தவர்கள் அவ்விருநூறு பேருள் இருப்பர்.

இரண்டாவது கடமை, எண்ணியதை வைத்துத் திட்டமிடுதல். நான்கு துறைகளில் இத்திட்டம் அமையலாம்.

முதலாவது துறை உடல் நலம். நீரிழிவு, இரத்த அழுத்தம், கண் புரை, மூட்டு நோவு ஆகியனவே நம் முதியோரை வாட்டுவன. இவற்றுக்கு மருந்து நம் வைத்தியசாலைகளில் உண்டு. இல்லாதது துணை. ஆதலால் சபை ஒவ்வொரு மாதமும் கிளினிக் நாட்காட்டி ஒன்றை எழுதி வைத்தல் வேண்டும். எவர் எந்த நாளில் எங்கே செல்ல வேண்டும், அவருடன் செல்பவர் யார், முச்சக்கர வண்டி எவருடையது என்பன அதில் இருத்தல் வேண்டும். ஒரே நாளில் ஒரே இடத்துக்குச் செல்லும் மூவர் ஒரே வண்டியிற் சென்றால் செலவும் மூன்றிலொன்றாகும்.

படுக்கையாய்க் கிடப்போரைப் பற்றிக் கேரளத்திலிருந்து ஒரு பாடம் கற்கலாம். 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து நோவு தணிப்புச் சங்கம் ஒன்று தொடங்கிற்று. பின்னர் மலப்புறம் முதலான பகுதிகளிலே அயலவரே இப்பணியை மேற்கொண்டனர். கடைக்காரரும், ஆசிரியரும், மாணவரும் சில மணி நேரப் பயிற்சி பெற்று, வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் நோயாளர் வீடுகளுக்குச் சென்றனர், புண் துடைத்தனர், பேசியிருந்தனர், வீட்டாரின் பாரத்தைக் குறைத்தனர். ஊரார் கொடுத்த சிறு காசுகளே பெரும்பாலும் அதற்கு முதல். 2008ஆம் ஆண்டில் கேரள அரசாங்கம் இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. நம்மைப் போன்ற மக்கள், நம்மைப் போன்ற வீடுகள், நம்மைப் போன்ற வருமானம். அவர்களுக்கு இயன்றது நமக்கு ஏன் இயலாது?

இரண்டாவது துறை பத்திரமும் பணமும். கமக்காரருக்கு 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும், மீனவருக்கு 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஓய்வூதியத் திட்டங்கள் ஏற்படுத்தப்பட்டன. 2012ஆம் ஆண்டு தொடக்கம் 70 வயதைக் கடந்த வறிய முதியோர்க்கு மாதாந்தக் கொடுப்பனவு வழங்கும் ஏற்பாடும் வந்தது. ஆயினும், இளமையிலே சந்தாப் பணம் கட்டிய மீனவர் எத்தனை பேர் அப்பற்றுச்சீட்டை வைத்திருக்கின்றனர்? கடல் கொண்டுபோன பெட்டகங்களோடு அவையும் போயின. யார் எதற்கு உரியவர், எந்தப் பத்திரம் குறைகின்றது, அதை எங்கே பெறலாம் என்பதைச் சபையின் செயலாளர் ஒரு கொப்பியில் எழுதி, மாதம் ஒருமுறை உரிய உத்தியோகத்தரைச் சந்தித்து ஒருங்கே கேட்டுவருதல் வேண்டும். இருபது முதியவர் இருபது முறை அலைவதைவிட ஒருவர் ஒருமுறை செல்வது மேலல்லவா? படிவம் நிரப்பும் வேலையை எம் உயர்தர வகுப்பு மாணவர் செய்வர். அதற்கு நான் பொறுப்பு. இதனாற் பிச்சைச் சம்பளம் என்ற சொல்லும் மெல்ல மறையும். தம் உரிமையைச் சபையின் மூலம் கேட்பவருக்கு நாணம் எதற்கு?

மூன்றாவது துறை தோழமை. தனிமை ஒரு நோயே. பகலிலே திறந்திருக்கும் முதியோர் நிலையம் ஒன்று ஒவ்வொரு பிரிவிலும் அமைதல் நன்று. இதற்குப் புதிய கட்டடம் எழுப்பக் காத்திருக்க வேண்டுவதில்லை. வாசிகசாலையின் ஒரு மண்டபம், பாடசாலையில் மாலையில் வெறுமையாகும் ஒரு வகுப்பறை, எவரேனும் விட்டுக்கொடுக்கும் ஒரு விறாந்தை போதும். ஒரு பத்திரிகை, ஒரு வானொலிப் பெட்டி, குடிக்கத் தண்ணீர், வழுக்காத நிலமுள்ள ஒரு மலசலகூடம் இருத்தல் வேண்டும். பெண்களுக்கென வேறு நாளோ வேறு நேரமோ ஒதுக்குதல் வேண்டும். இல்லையேல் அவர்கள் வாரார். மாடி வீட்டுத் தொகுதிகளிலே கீழ்த் தளத்தில் ஓர் இடத்தை இதற்கென ஒதுக்குமாறும், முதியவர் உள்ள குடும்பம் மேல் மாடியில் இருந்தால் இடமாறிக்கொள்ள உதவுமாறும் சபை எழுதிக் கேட்கலாம்.

நான்காவது துறை ஆபத்து வேளை. 1978ஆம் ஆண்டு நொவெம்பர் மாதத்துச் சூறாவளி இக்கரையோரத்தின் தென்னைகளையும் கூரைகளையும் வாரிச் சென்றதை மூத்தோர் மறவார். 2004ஆம் ஆண்டின் பேரலைக்குப் பின், அம்பாறை மாவட்டத்து அகதி முகாம்களிலே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்விடம்பெயர்ந்த குடும்பங்களிலே, இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினருள் நூற்றுக்கு 7.4 பேர் மாண்டிருக்க, 50 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 15.3 பேர் மாண்டிருந்தனர். காரணம் சொல்ல வேண்டுமா? ஓட முடிந்தவர் ஓடினர். எனவே நடக்க இயலாத ஒவ்வொருவர்க்கும் அயலிலுள்ள இரு இளைஞரைப் பெயர் குறித்து நியமித்தல் வேண்டும். இருவர் ஏனெனில், ஒருவர் கடலிலோ வேலையிலோ இருக்கக்கூடும். அப்பட்டியல் கிராம உத்தியோகத்தரிடத்தும் பள்ளிவாசலிலும் கோவிலிலும் இருத்தல் வேண்டும். எச்சரிக்கை வந்த பின் பட்டியல் எழுத நேரம் இராது.

மூன்றாவது கடமை கேட்டுக்கொண்டிருத்தல். அஃதாவது விடாது வினவுதல். ஆலோசனைச் சபைக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. ஆனால், 'சென்ற மாதம் கேட்டோமே, என்னவாயிற்று?' என்று வினவும் அதிகாரம் உண்டு. கூட்டக் குறிப்பிலே கேட்டது, கேட்ட திகதி, பொறுப்பேற்றவர், முடிந்ததா என்ற நான்கு நிரல்கள் இருந்தாற் போதும். நான்காம் நிரல் வெறுமையாயிருப்பின் அடுத்த கூட்டத்தில் அதுவே முதல் விடயம். பாடசாலையில் வீட்டுவேலைக் கொப்பியைத் திருத்தாத ஆசிரியரை மாணவர் மதிப்பதில்லை. தன் தீர்மானங்களைத் திரும்பிப் பாராத சபையை எவரும் மதியார்.

இனி, சபையில் அமர்பவர் யார்? என் போன்ற உத்தியோகத்தரே சபைகளை நிரப்பிவிடுதல் வழக்கம். எமக்குக் கூட்டம் நடத்தத் தெரியும். அறிக்கை எழுதத் தெரியும். மாதாமாதம் ஓய்வூதியமும் வரும். ஓய்வூதியம் இல்லாதவரின் மாதக் கடைசி எப்படியிருக்கும் என்பது எமக்குத் தெரியாது. ஆகையால் வலை இழுத்தவர் ஒருவரும், வயல் செய்தவர் ஒருவரும், தறி நெய்தவர் ஒருவரும், வீடு வீடாக அப்பம் விற்றவர் ஒருவரும் அங்கே இருத்தல் வேண்டும். பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்கின்றனர். முதியோரிற் பெரும்பாலார் அவர்களே. விதவையராய்த் தனித்திருப்போரிலும் அவர்களே மிகுதி. ஆதலாற் சபையிற் பாதியேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். பழைய மரைக்கார் சபையின் குறையை நாம் திரும்பச் செய்தலாகாது. கல்முனையிலே முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். இருவரும் ஒரே வைத்தியசாலையின் வாங்கில் அருகருகே அமர்ந்து இலக்கத் துண்டுக்குக் காத்திருக்கின்றனர். பிரதேச மட்டத்துச் சபைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுதல் நன்று. மூட்டு நோவுக்கு இனபேதம் இல்லை.

யப்பான் தேசத்திலே 1917ஆம் ஆண்டு ஒகயாமா மாகாணத்தில், அயலிலுள்ள வறியோரைக் கவனித்து வரும் ஆலோசகர் முறை ஒன்று தோன்றிற்று. அது வளர்ந்து, இன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊதியமின்றி நாடெங்கும் அயற் காவலராய்ப் பணியாற்றுகின்றனர். தத்தமக்குரிய தெருக்களிலே தனித்து வாழும் முதியோரின் கதவைத் தட்டி நலம் விசாரித்தலும் அவர்தம் பணியாகும். செல்வம் மிக்க நாட்டிலும் கதவைத் தட்டுவதற்கு ஒரு மனிதர் வேண்டியிருக்கின்றது.

ஒரு தடையை மட்டும் கூறி முடிக்கின்றேன். 'பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. இடையிலே சபை எதற்கு? இது குடும்பத்துக்கு இழிவல்லவா?' என்று சிலர் வினவுகின்றனர். கடமை பிள்ளைகளுடையதே, அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால், கடமையைச் செய்ய விரும்பியும் இயலாத பிள்ளைகளே நம் ஊரிற் பலர். கடலுக்குப் போகும் மகன் தாயைக் கைவிட்டவன் அல்லன். அவள் மருந்துக்காகவே கடலுக்குப் போகின்றான். அவன் கரையில் இல்லாத நாட்களில் ஊர் அவனுக்குக் கைகொடுத்தல் இழிவன்று. மறுபுறம், வேண்டுமென்றே புறக்கணிக்கும் பிள்ளைக்கெதிராக வழக்குப் போட எந்தத் தாயும் எளிதில் இசையாள். பசித்திருந்தும், "எண்ட பிள்ள நல்லாத்தான் பாக்குறான்" என்றே சொல்லுவாள். அத்தாய்க்காக, வழக்குக்கு முந்திய ஒரு வார்த்தையைச் சொல்ல ஒருவர் வேண்டும். அன்று மரைக்கார் சொன்னார். இன்று சபை சொல்லட்டும்.

தொடக்கத்திற் கூறிய அப்பெண்மணியை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வீடு வீடாகச் சென்று எண்ணத் தொடங்கிய பின்னர், சபையின் பெண் உறுப்பினர் ஒருவர் அவருடைய நான்காவது திகதியைத் தம் கொப்பியில் எழுதிக்கொண்டார். அந்நாளில் விடியற்காலையிலேயே வண்டியோடு சென்று அழைத்துப் போனார். மாலையில் மகளிடம் கொண்டுவந்து விட்டார். செலவு ஒரு நாட்பொழுதும் சிறிது வண்டிக் கூலியும்.

சில வாரங்களின் பின் அவர் மறுபடியும் என் அறை வாயிலில் வந்து நின்றார். கையிலே பொலித்தீன் பை இல்லை. "வாங்க மாமி, இருங்க" என்றேன். அவர் இருக்கவில்லை; என்னையே சற்று நேரம் உற்று நோக்கினார். பின்னர், "அல்லாவே! தம்பிக்கும் தல நரைச்சிட்டே!" என்றார்.

ஆம், நேயர்களே. இன்னுஞ் சில ஆண்டுகளில் என் பெயரும் அக்கொப்பியில் ஏறிவிடும். உங்களுடையதும் ஒருநாள் ஏறும். அது ஏறுமுன், அக்கொப்பியை நன்றாக எழுதி வைப்போமாக.